கேட்டவர் யார்? : மொந்தாயு கிராமமும் ஆயரின் பதிவேடும்

1

எம்மானுவேல் லெ ரோய் லதூரி எழுதிய 'மொந்தாயு' (1975) நூலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய குடியானவர்கள் தம் சொந்த வாயால் பேசுகிறார்கள், என்ன ஆச்சரியம் என்று. இந்த ஆச்சரியத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கலாம். பேசுகிறார்கள், சரி. யாரிடம் பேசுகிறார்கள்?

பிரான்சின் தெற்கே, பைரனீஸ் மலைத்தொடரில், அரியேழ் ஆற்றின் மேல்பகுதியை ஒட்டிய உள்ளொடுங்கிய ஒரு மலைப்பிரதேசத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் மொந்தாயு. 1300-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே 200-லிருந்து 250 பேர் வரை இருந்திருக்கலாம் என்பது லதூரியின் கணக்கு. சரிவில் வெட்டிய துண்டுநிலங்களில் கோதுமை, ஓட்ஸ், டர்னிப் கிழங்கு, கொஞ்சம் சணல். திராட்சை விளையாத உயரம், அதனால் ஒயின் கீழேயிருந்து வர வேண்டும். மாவு அரைக்க ஊரில் ஆலை கிடையாது. தானியத்தைக் கோவேறு கழுதை மேல் ஏற்றி, ஆக்ஸ் என்ற சிறுநகரில் இருந்த ஃபுவா கோமகனின் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஊரின் செல்வம் என்று சொன்னால் அது ஆடுதான். குளிர்காலத்தில் மந்தையோடு மலை தாண்டிக் கத்தலோனியாவுக்கு வலசை போவதும், கோடையில் திரும்பி வருவதும் ஆயர்களின் வாழ்க்கை. (திருச்சபை 'ஆயர்' என்பதும் ஆடு மேய்க்கும் ஆயரும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பது இந்தக் கட்டுரைக்கு ஓர் அசௌகரியம். மேய்ப்பவர்களை இனிக் கீதாரிகள் என்றே சொல்கிறேன்.)

இவ்வளவு சின்ன ஊரைப் பற்றி நமக்கு இவ்வளவு எப்படித் தெரிகிறது? அந்த ஊர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது, அதனால் தெரிகிறது. வேறு காரணம் எதுவும் இல்லை. கத்தார் என்ற சமய எதிர்ப்பு இயக்கத்தின் கடைசி வேர்கள் இந்த மலையூர்களில் ஒளிந்திருந்தன. 1308-இல் கார்க்கசோன் மதவிசாரணை அதிகாரி வயதுக்கு வந்த ஊர்க்காரர்களைக் கூண்டோடு கைது செய்தார். பிறகு பாமியே மறைமாவட்டத்தின் ஆயர் ழாக் ஃபூர்னியே 1318-லிருந்து 1325 வரை ஒரு விசாரணை மன்றம் நடத்தினார். 98 வழக்குகள், 578 விசாரணைகள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் 25 பேர் மொந்தாயுக்காரர்கள். ஐந்து பேர் தீயில் எரிக்கப்பட்டார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். பலர் துணியில் மஞ்சள் சிலுவை தைத்துக்கொண்டு ஊர் பார்க்க நடமாட வேண்டியிருந்தது. ஃபூர்னியே 1334-இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பாண்டவரானார். அவருடைய பதிவேடு வத்திக்கான் நூலகத்தில் தங்கியது. 1965-இல் ழான் துவெர்னுவா அதை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். அந்தப் பதிப்பின் மேல் எழுந்ததுதான் லதூரியின் நூல்.

2

லதூரி லேசுப்பட்ட ஆள் இல்லை. 'அனல்ஸ்' வரலாற்றுப் பள்ளியின் முக்கியமான பெயர். அதற்கு முன் 1966-இல் லாங்தாக் பகுதிக் குடியானவர்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் முழுக்க எண்கள்: தசமபாகக் கணக்கு, நிலவரி, விலைவாசி, மக்கள்தொகை. அதில் குடியானவன் ஒரு புள்ளி. மொந்தாயுவில் அந்தப் புள்ளிக்கு முகம் கிடைக்கிறது, பேன் பார்க்கிற விரல் கிடைக்கிறது, பொறாமை கிடைக்கிறது. வெயிலில் உட்கார்ந்து ஒருத்தி இன்னொருத்திக்குப் பேன் பார்த்துக்கொண்டே ஊர்வம்பு பேசுகிற பக்கங்களைப் படிக்கிறபோது நமக்கு நம் திண்ணைகள் ஞாபகம் வராமல் போகாது. நூலின் முதல் பாதி வீட்டைப் பற்றியும் கீதாரியைப் பற்றியும் பேசுகிறது. இரண்டாம் பாதி உடல்மொழி, காதல், மரணம், காலம், மாயம் என்று விரிகிறது. 'ஒஸ்தால்' என்று ஆக்சிதான் மொழியில் சொல்லப்படும் வீடுதான் இந்த உலகின் அச்சு. அது சுவரும் கூரையும் மட்டுமல்ல. நம்மூரில் 'வகையறா' என்கிறோமே, அதுவும் சேர்ந்தது. குடும்பத் தலைவர் போன்ஸ் கிளெர்க் செத்தபோது வீட்டின் யோகம் வெளியே போய்விடக் கூடாது என்று அவருடைய தலைமயிரையும் நகத்துண்டுகளையும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். மதத் துரோகம்கூட ஆளிலிருந்து ஆளுக்கு அல்ல, வீட்டிலிருந்து வீட்டுக்குத்தான் பரவுகிறது.

இதெல்லாம் உண்மையிலேயே அருமையான பகுதிகள். என் பிரச்சனை வேறு. 1986-இல் ரெனாட்டோ ரொஸால்டோ ஒரு கட்டுரையில் இதைத் தொட்டிருக்கிறார். நூலின் தொடக்கத்தில் மதவிசாரணை அதிகாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு, லதூரி அவரை மெதுவாக அறையை விட்டு அனுப்பிவிடுகிறார். அப்புறம் நாம் காண்பது இனவரைவியலாளரும் கிராமமும் மட்டுமே. சித்திரவதைக்கும் சிறைக்கும் நடுவே எடுக்கப்பட்ட வாக்குமூலம் 'களப்பணித் தரவு' ஆகிவிடுகிறது. ரொஸால்டோ சொல்வது சரி. (ஃபூர்னியே வழக்கமாகச் சித்திரவதையை நாடவில்லை, 1321-இல் குஷ்டரோகிகள் வழக்கில்தான் அது நடந்தது என்று லதூரி சார்பில் சொல்லலாம். சிறை இருக்கிறபோது, சிதை எரிகிறபோது, தனியாக ஒரு சித்திரவதைக் கருவி எதற்கு?)

இந்த வெளியேற்றம் எங்கே நடக்கிறது என்பதை மொழிக்குள்ளேயே காட்ட முடியும். கிராமத்தார் ஆக்சிதானில் பேசினார்கள். எழுத்தர்கள் அதை இலத்தீனில் குறித்தார்கள். பிறகு அதைத் திரும்ப ஆக்சிதானில் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். அதன்பின் சுத்தப்பிரதி. அதன்மேல் லதூரியின் பிரெஞ்சு. 1978-இல் பார்பரா ப்ரேயின் சுருக்கப்பட்ட ஆங்கிலம். அதைத்தான் என் போன்றவர்கள் வாசிக்கிறோம். இத்தனை வாய்கள் தாண்டி வருகிற ஒன்றை 'சொந்தக் குரல்' என்று சொல்ல ரொம்பத் துணிச்சல் வேண்டும். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பதிவேட்டின் இலத்தீன் பெரும்பாலும் படர்க்கையில் நடக்கிறது: அவள் இப்படிச் சொன்னாள், கேட்டபோது அவள் இப்படிப் பதில் சொன்னாள் என்று. லதூரியின் பக்கங்களில் அது பல இடங்களில் தன்மையாக மாறிவிடுகிறது. 'கேட்டபோது' என்ற ஒரே ஒரு சொல் உதிர்ந்துபோகிறது. அந்தச் சொல் உதிர்ந்ததும் ஆயரும் உதிர்ந்துபோகிறார்.

3

தமிழ் எம்.ஏ. வகுப்பில் நெட்டுரு போட்டு மறந்த ஒன்று இந்த இடத்தில் எனக்கு உதவுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது 'கூற்று' என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. பேச்சு யாருடையது என்பது ஓர் உறுப்பு என்றால், கேட்போர் தனி உறுப்பு. களன் தனி, காலம் தனி, பயன் தனி. எல்லாவற்றுக்கும் மேல் எச்சம்: சொல்லாமல் விடப்பட்டு, வாசிப்பவன் வருவித்துக்கொள்ள வேண்டியது. இதைப் பழம்பெருமை பேசுவதற்காக இழுக்கவில்லை. மலை என்றதும் குறிஞ்சி, ஆடு என்றதும் முல்லை என்று பைரனீஸுக்குத் திணைச் சாயம் பூசுகிற வேலையும் எனக்கு வேண்டாம். அது ஒரு மலட்டு ஒப்பீடு. நான் சொல்வது இவ்வளவுதான்: கூற்றைக் கேட்போரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்ற வாசிப்பு ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. தோழி பேசுவது தலைவன் சிறைப்புறத்தில் நிற்கிறான் என்பதற்காக என்று துறைக்குறிப்பு சொல்லும்போது, பாட்டின் பொருளே தலைகீழாவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம். மொந்தாயுவில் சிறைப்புறம் என்பது சிலேடை இல்லை, நிஜமான சிறை.

அப்படி வாசித்தால் என்ன கிடைக்கிறது?

முதலில் கேட்போர். ஃபூர்னியே வெறும் சமய ஆராய்ச்சி ஆர்வலர் இல்லை. ஆட்டுக்குட்டிகள் மீதான தசமபாகத்தைக் கறாராக வசூலித்தவரும் அவரே. ஆகவே அவர் முன் நிற்கிற குடியானவன் ஒரே சமயத்தில் பாவியும் வரிபாக்கிக்காரனும் ஆவான். கியே ஊரைச் சேர்ந்த ரேமோன் த லபுரா என்பவர் தசமபாகத்தை எதிர்த்ததால் கோயிலுக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்க வேண்டியதாகிறது. கோயிலைக் கட்டியது எங்கள் ஆட்கள், எங்களையே வெளியே நிறுத்துகிறார்களே என்ற பொருளில் அவர் புலம்பியது வழக்காகிப் பதிவாகிறது. இதை 'மதம் குறித்த மனோபாவம்' என்ற தலைப்பில் கோப்பு போடலாம். ஆனால் கேட்பவரும் வசூலிப்பவரும் ஒரே ஆள் என்று தெரிந்தபின் இது மனோபாவம் இல்லை, சண்டை.

அடுத்தது காலம். கிராமத்தார் நாள் சொல்வது அறுவடையை வைத்து, இலை துளிர்ப்பதை வைத்து, புனிதர் திருநாளை வைத்து. விசாரணைக்கு ஆண்டு வேண்டும், மாதம் வேண்டும். இவர்களுக்குக் காலம் பற்றிய உணர்வு மங்கலாக இருந்தது என்ற மாதிரி ஒரு சித்திரம் நூலிலிருந்து எழுகிறது. ஆனால் பத்து வருஷத்துக்கு முன் எந்த வீட்டுக்குள் எந்த 'நல்ல கிறிஸ்தவர்' எத்தனை மணிக்கு நுழைந்தார் என்று கேட்கிற அதிகாரியிடம், அது டர்னிப் பிடுங்கின சமயம் சாமி, சரியாக ஞாபகம் இல்லை என்று சொல்வது மங்கலா, சாமர்த்தியமா? கிராம நிர்வாக அலுவலகத்தில் வயசு கேட்டால் என்ன பதில் வரும் என்று அறிந்த எவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போக மாட்டார்கள்.

அப்புறம் பயன். கத்தலோனியப் பக்கம் ஒளிந்து வாழ்ந்த குய்யோம் பெலிபாஸ்த் கத்தார்களின் கடைசிக் குரு. அவரைப் போட்டுக்கொடுத்தவன் ஆர்னோ சிக்ர். ஆக்ஸில் இருந்த அவன் தாய் மதத் துரோகி என்று எரிக்கப்பட்டு அவள் வீடு பறிமுதலாகிவிட்டது. அந்த வீட்டைத் திரும்ப வாங்கத்தான் சிக்ர் ஆள்காட்டியானான். பக்தன் போல நடித்து, பெலிபாஸ்தை நயமாகப் பேசி எல்லை தாண்டி அழைத்துவந்து பிடித்துக் கொடுத்தான். 1321-இல் பெலிபாஸ்த் எரிக்கப்பட்டார். நாடுகடந்து வாழ்ந்த அந்தச் சிறு கூட்டத்தின் அன்றாடத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கிற மிக நுணுக்கமான விவரங்களில் பல இவன் வாயிலிருந்து வந்தவை. யார் என்ன சமைத்தார்கள், ஆசீர்வாதம் எப்படி நடந்தது எல்லாம். வேவு பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் நுணுக்கம் வரும். 'ஒஸ்தால்' பற்றி இவ்வளவு எழுதிய லதூரி, அந்த ஒஸ்தாலுக்கான கூலியாகத்தான் இந்தத் தரவு தரப்பட்டது என்பதைத் தெரிந்தும், அதைத் தன் முறையியலுக்குள் கொண்டுவரவில்லை. அது அவருக்கு ஒரு நல்ல கதை, அவ்வளவுதான்.

கடைசியாக எச்சம். இதுதான் எனக்கு முக்கியம். ஊரில் எல்லோரையும் ஆட்டிப் படைத்தவன் பங்குச் சாமியார் பியேர் கிளெர்க். அவன் சகோதரன் பெர்னார் கிளெர்க் கோமகனின் நிர்வாக அதிகாரி. தேவாலயம் ஒரு கையில், தண்டல் இன்னொரு கையில். பியேர் உள்ளுக்குள் கத்தார் அனுதாபி. வெளியே மதவிசாரணைக்குத் தகவல் தருகிறவன். வேண்டாதவர்களைக் காட்டிக்கொடுத்து, வேண்டியவர்களைக் காப்பாற்றி, பெண்களை வளைத்து, அந்த இரட்டை வேடத்தில்தான் ஊரை ஆண்டான். இவர்களைப் பற்றி வாயைத் திறந்த மெங்கார்த் மோர் என்பவளுக்கு நாக்கு அறுக்கப்பட்டது. 1320-இல் பியேர் கைதாகி, பிற்பாடு சிறையிலேயே செத்தான். பதிவேடு முழுக்க அவன் பேர்தான் அடிபடுகிறது. ஆனால் அவனுடைய வாக்குமூலம் மட்டும் அதில் இல்லை.

யோசித்துப் பாருங்கள். விதவைகள், கீதாரிகள், வேலைக்காரிகள் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். பேச வைக்கப்படுகிறார்கள். அதிகாரம் வைத்திருந்தவன் பேசாமலே போய்விடுகிறான். ஒரு பெண்ணின் நாக்கு வெட்டப்பட்டதும், ஒரு பாதிரியின் வாக்குமூலம் இல்லாமல் போனதும் ஒரே பதிவேட்டின் இரண்டு மௌனங்கள். ஆனால் இரண்டும் ஒரே மௌனம் அல்ல. 'மக்கள் குரல்' என்று கொண்டாடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும். நிறையப் பேசியவன் சுதந்திரமானவன் என்று அர்த்தம் கிடையாது. பல சமயம் நேர்மாறு.

4

இங்கே நிறுத்திக்கொண்டு, ஆக எல்லாமே அதிகாரத்தின் கட்டமைப்பு, குடியானவன் பேசவே இல்லை, ஆயர்தான் பேசினார் என்று முடித்துவிடலாம். நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் ஃபூக்கோ பெயர் வந்த காலத்திலிருந்து இப்படி முடிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. சௌகரியமான முடிவு. ஆனால் பொய்யான முடிவு. ரொஸால்டோவிடம் எனக்குள்ள குறையும் இதுதான். விசாரணை அதிகாரியை அறைக்குள் திரும்பக் கொண்டுவந்த அவர், கிராமத்தாருக்கு அந்த அறையில் என்ன வேலை என்று போதுமான அளவு கேட்கவில்லை.

அவர்கள் அந்த அறையில் வெறுமனே நிற்கவில்லை. கிளெர்க் வீட்டின் கீழ் பத்து பதினைந்து வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த ஊர், ஆயர் முன்னால் அந்த வீட்டின் பேரைச் சொல்லிற்று. ஆயருக்கு வேண்டியது மதத் துரோகம். ஊருக்கு வேண்டியது கிளெர்க்கின் வீழ்ச்சி. இரண்டும் ஒரு புள்ளியில் சந்தித்தன. அந்தச் சந்திப்புதான் மொந்தாயு வாக்குமூலங்கள். எதிரியின் மன்றத்தில் ஏறி உள்ளூர் எதிரியை வீழ்த்துவது புனிதமான செயல் இல்லைதான். அதில் பழிவாங்கல் இருந்தது, பயம் இருந்தது, பொய்யும் இருந்திருக்கும். ஆனால் அது செயல்.

இன்னொரு உதாரணம், பெயாத்ரிஸ் த பிளானிசோல். மொந்தாயு கோட்டைத் தலைவரின் விதவை, ஒரு காலத்தில் பியேர் கிளெர்க்கின் காதலி. 1320-இல் தப்பியோடும்போது பிடிபடுகிறாள். அவள் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே பேரன்களின் தொப்புள்கொடி உள்பட ஏதேதோ. சூனியம்தானே என்று அதட்டிக் கேட்கிறார்கள். வழக்கில் ஜெயிப்பதற்காக வைத்திருந்தேன், ஒரு யூதப்பெண்மணி சொல்லிக் கொடுத்தாள் என்கிறாள். தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளை இடுப்பில் கட்டுகிற ஊரிலிருந்து வாசிக்கிற நமக்கு இதில் திகைக்க ஒன்றும் இல்லை. லதூரிக்கு அந்தப் பை நாட்டார் மாயத்தின் அருங்காட்சியகம். எனக்கு அதில் படுவது வேறு: தான் போடப்போகும், அல்லது தன்மேல் போடப்படும் ஏதோ ஒரு வழக்கில் ஜெயிக்க வேண்டும் என்று இவள் ரொம்ப நாளாக எண்ணியிருந்திருக்கிறாள். நீதிமன்றம் அவள் வாழ்க்கைக்குள் ஆயருக்கு முன்பே வந்துவிட்டது. மலைக்கு மேல் ஒதுங்கிக் கிடந்த 'அப்பாவிக் கிராமம்' என்பது நூலாசிரியர்களின் கற்பனை. கோமகன், திருச்சபை, ஆலை, சந்தை, வழக்கு எல்லாம் அந்தச் சரிவில் முன்பே ஏறியிருந்தன.

5

ஆக என் கட்சி இரண்டு பக்கமும் சேராதது. 'அசல் குரல்' என்பதும் பொய், 'குரலே இல்லை' என்பதும் பொய். இருப்பது கூற்று. கேட்போரும் களனும் பயனும் எச்சமும் சேர்ந்த கூற்று.

இப்படி எழுத முடியும் என்று காட்டியவர் ரணஜித் குஹா. 'சந்திராவின் மரணம்' என்ற கட்டுரையில் (1987) அவர் எடுத்துக்கொண்டது 1849-ஆம் ஆண்டு வங்காளத்தின் பீர்பூம் பகுதியில், பாக்தி சாதியைச் சேர்ந்த ஒரு பெண் கருக்கலைப்பில் இறந்தது குறித்த சில வாக்குமூலங்கள். சில பக்கங்கள்தான். துண்டு துண்டானவை. சட்டம் அதை ஒரு 'குற்ற வழக்கு' ஆக்கிப் பெயரிட்ட விதத்தை அவர் முதலில் பிரித்துக் காட்டுகிறார். அதற்குப் பின்தான் அந்தப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி துணை நின்றதைப் பார்க்கிறார். துண்டைத் துண்டாகவே விடுகிற பொறுமை அங்கே இருக்கிறது. லதூரியிடம் இல்லாதது அது. அவர் 98 வழக்குகளையும் உருக்கி ஒரு முழு ஊரை வார்த்துவிட்டார். வார்ப்பு அழகாக இருக்கிறது. வழக்குகளைக் காணோம்.

நமக்கு இதில் என்ன பட்டது என்று கேட்கலாம். நிறையப் பட்டது. தலித் வரலாறு, பழங்குடி வரலாறு, பெண்கள் வரலாறு என்று தமிழில் இன்று எழுதுகிறவர்கள் கையில் கிடைக்கிற ஆவணங்கள் பெரும்பாலும் எதிர்த்தரப்பு எழுதியவை: போலீஸ் அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, கெஜட்டியர், மிஷனரிக் கடிதம். மலைவாழ் மக்களைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டுமென்றால் உடனே 1909-இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளை விரிக்கிறோம். தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்து எடுத்தவர். அளவுகோல் மூக்கின் மேல் இருக்கும்போது ஒருவன் தன் குலதெய்வத்தைப் பற்றி என்ன சொல்வான், எதை விழுங்குவான் என்று நாம் கேட்பதில்லை. மேற்கோள் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். இன்னொரு பக்கம், இதெல்லாம் காலனியக் கட்டமைப்பு என்று ஒரே வாக்கியத்தில் தூக்கிப் போட்டால், அந்தக் காகிதத்தைத் தவிர வேறு எங்கும் பெயர் இல்லாத மனிதர்களை இரண்டாம் முறை அழிக்கிறோம்.

மெங்கார்த் மோர் எழுதப் படிக்கத் தெரிந்தவளாக இருந்திருக்க வாய்ப்பில்லை. நாக்கும் போனபின் அவள் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அவளைப் பற்றி மற்றவர்கள் சொன்னார்கள், கிளெர்க்குகளைப் பிடிக்காதவர்கள், தங்கள் தலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியவர்கள். அந்தக் கூற்றில் கலப்படம் உண்டு. அந்தக் கலப்படத்தோடுதான் அவள் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறாள். அதை வடிகட்டிச் சுத்தமான குரலாக்கித் தருகிறேன் என்பவரிடமும், கலப்படம் என்பதால் கீழே கொட்டிவிடு என்பவரிடமும் எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 'கேட்டபோது' என்ற அந்தச் சொல்லை எடுத்த இடத்தில் திரும்ப வையுங்கள். அதற்கப்புறம் வாசிக்க ஆரம்பிக்கலாம்.